பிள்ளையின் முதுகு: பெற்றோரிடம் உள்ள அமானிதம்

  

 

இன்று ஒரு தாயிடமிருந்து தொடங்குவோம். மூஸா (அலை) அவர்களின் தாயார். ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைத் தேடித் தேடிக் கொன்ற காலம். அல்லாஹ் அந்தத் தாயின் உள்ளத்தில் ஓர் உதிப்பைப் போட்டான்: பாலூட்டு, பயம் வந்தால் ஆற்றில் விட்டுவிடு. அவர் விட்டார். அதற்குப் பிறகு அவருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதாகவும், அல்லாஹ் அந்த உள்ளத்தைப் பிணைத்து உறுதிப்படுத்தியிருக்காவிட்டால் இரகசியத்தை வெளியிட்டிருப்பார் என்றும் சூரத்துல் கஸஸின் 10-வது வசனம் சொல்கிறது. ஈமான் நிறைந்த தாய்தான், வஹீயைப் போன்ற வாக்குறுதி பெற்ற தாய்தான். ஆனாலும் உள்ளம் வெறுமையானது. அது குறையாகச் சொல்லப்படவில்லை. அடுத்த வசனத்தைப் பாருங்கள். அவர் சும்மா உட்காரவில்லை. மூத்த மகளை அனுப்பினார், தம்பி போகிற வழியே கரையோரம் நடந்து போ என்றார். அந்தப் பெண் யாருக்கும் சந்தேகம் வராமல் தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டே போனாள்.

தவக்குல் என்றால் என்ன என்பதற்கு இந்த இரண்டு வசனங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியை ஆற்றில் விட்டதும் தவக்குல், கரையோரம் ஆள் அனுப்பியதும் தவக்குல்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிள்ளையின் கையை விட்ட பெற்றோர் யாராவது நம்மிடையே இருந்தால் அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதவு மூடிய பிறகு ஆறேழு மணி நேரம். தஸ்பீஹ் மணி கையில் உருளும், எத்தனை ஓதினோம் என்பது நினைவில் நிற்காது. இன்றைய பாடம் அந்தப் பெற்றோரைப் பற்றியது. குறிப்பாக, முதுகெலும்பு வளைந்த பிள்ளையைப் பெற்றவர்களைப் பற்றியது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த நோய் நம் சமுதாயத்தில் நோயாக மட்டும் இருப்பதில்லை. மறைக்க வேண்டிய இரகசியமாகவும் ஆகிவிடுகிறது.

யாரும் பார்க்காத முதுகு

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பிறவியிலேயே வருவது உண்டு, தசை நோயால் வருவது உண்டு. ஆனால் அதிகமாகக் காணப்படுவது, நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல், வளர்ச்சி வேகமாகிற பருவத்தில் வருவது. இதற்குத் திட்டமான காரணம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குச் சிறிய அளவிலாவது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. அறுவை சிகிச்சை வரைக்கும் போகிற பெரிய வளைவு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம்.

இப்போது யோசியுங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளை பத்து வயதைத் தாண்டியதும் தானே குளிக்கிறாள், தானே உடுத்துகிறாள். தளர்வான சுடிதார், அதன்மேல் துப்பட்டா, வெளியே போனால் புர்கா. ஹயா நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த அழகு, அதில் ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் வளைவு வருகிற அதே வயதில் அந்த முதுகை வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் வலியும் இருக்காது. ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கும், ஒரு பக்கத்துத் தோள்பட்டை எலும்பு துருத்தியிருக்கும், தைத்த சட்டை ஒரு பக்கம் ஏறி நிற்கும். தையல்காரம்மாதான் முதலில் கேட்பார், பாப்பாவுக்கு ஒரு பக்கம் நீளம் கூட வைக்க வேண்டியிருக்கிறதே என்று.

தாய்மார்களே, இதற்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மகளை மெல்லிய உள்ளாடையோடு கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல், ருகூவுக்குப் போவதுபோல் முன்னால் குனியட்டும். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டி ஓர் எக்ஸ்ரே எடுங்கள். பத்து வயதிலிருந்து பதினைந்து வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். மகனுக்கும் செய்யுங்கள்.

எக்ஸ்ரேயில் வளைவைக் கோணமாக அளப்பார்கள். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதே இல்லை. வளர்ச்சி பாக்கி இருக்கிற பிள்ளைக்கு 25-க்கு மேல் 40-க்குள் என்றால் பிரேஸ் என்கிற பட்டையைப் போடச் சொல்வார்கள். 45, 50 என்று ஆகும்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டை அணிந்த பிள்ளைகளில் 100-க்கு 72 பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகாமல் நின்றது. அணியாமல் வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 பேருக்குத்தான் நின்றது. அதாவது எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. 13 வயதில் பட்டையோடு நின்றிருக்கக்கூடிய ஒன்று, மறைத்து வைத்தால் 17 வயதில் கத்திக்குப் போகும்.

ஏன் மறைக்கிறோம்? எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?"

சகோதரர்களே, இந்த ஒரு கேள்வி எத்தனை பிள்ளைகளின் முதுகை வளைத்திருக்கிறது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இன்னும் வராத மாப்பிள்ளைக்குப் பயந்து, இருக்கிற மகளுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுகிறோம். சிகிச்சை முடிந்த பெண்கள் திருமணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் கர்ப்பத்தில் தடை எதுவும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத் திரும்பிப் போகிற குடும்பம் போகட்டும். பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் பூட்டி வைப்பது மட்டுமல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் பகுதியில் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தில் கனம் தூக்கினாள், பிள்ளையைச் சரியாக உட்காரப் பழக்கவில்லை என்று தாயைக் குற்றவாளியாக்குவார்கள். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அன்றே அந்தப் பேச்சை அறுத்துவிட்டார்கள். புகாரியில் இருக்கிறது. பிள்ளையை இழந்த துக்கத்தின் நடுவிலும் அந்தத் திருத்தத்தை அவர்கள் தள்ளிப்போடவில்லை. பள்ளிப் பையின் கனத்தாலும், கூன் போட்டு உட்காருவதாலும் இந்த வளைவு வருவதில்லை என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். அந்தத் தாய் ஏற்கெனவே ஒவ்வொரு இரவும் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நாம் வேறு கூண்டில் ஏற்ற வேண்டாம்.

கோவைக்குப் போகிற பாதை

முதுகெலும்பு என்றதும் ஈரோட்டுக்காரர்களுக்குக் கோவைதான் நினைவுக்கு வரும். பெருந்துறை, அவிநாசி வழியாக 100 கிலோமீட்டர். கங்கா மருத்துவமனை 1978-ல் டாக்டர் சண்முகநாதனும் அவருடைய மனைவி கனகவல்லியும் தொடங்கியது. அவர்களுடைய மகன் டாக்டர் இராஜசேகரனின் முதுகெலும்பு ஆய்வுகளை உலகம் முழுவதும் படிக்கிறார்கள். அதில் ஒன்று நம்மைப் போன்ற ஊர்களுக்கு மிகவும் தேவையானது. முதுகெலும்பில் காசநோய் வந்து குணமான 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2001-ல் வெளியிட்டார். கிருமி ஒழிந்து, மருந்து முடிந்து, வீட்டுக்குப் போன பிறகும், ஏறத்தாழ பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு வளர வளரக் கூன் அதிகமானது. பெருந்துறையில் இன்றும் ஒரு பகுதிக்குச் சானடோரியம் என்றே பெயர், காசநோய்க்காரர்களை வைத்துப் பார்த்த காலத்தின் மிச்சம் அது. அந்த நோயை முடிந்துபோன கதையாக நினைக்க வேண்டாம். குழந்தைக்கு விடாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் காட்டுங்கள். குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகும் வளர்ச்சி முடியும்வரை மருத்துவர் குறிக்கிற தேதிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பணம் ஒரு பெரிய கவலை. செவ்வாய்ச் சந்தையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர், தறி ஓட்டுகிறவர், தோல் மண்டியில் கூலிக்குப் போகிறவர், இவர்கள் இலட்சக்கணக்கில் எங்கே போவார்கள்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை. ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட இந்த மாதமே எடுத்து வைப்பது நல்லது. கந்து வட்டிக்கு வாங்கிச் சிகிச்சை செய்யும் நிலைக்கு ஒரு குடும்பம் போகுமானால், அதற்கு முன் ஜமாஅத்திடம் வரட்டும். வருகிறவரை நிற்க வைத்து விசாரிக்காதீர்கள்.

சிகிச்சை செய்வதே தவக்குலுக்கு எதிரானது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிராமத்து அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே இதைக் கேட்டார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன நபியவர்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிப்பு, அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. துஆவும் ருக்யாவும் மருந்தோடு சேர்ந்து போகட்டும். வளைவை நிமிர்த்துகிறேன் என்று சொல்லித் தடவி முறிக்கிறவரிடம் மட்டும் வளரும் பிள்ளையின் தண்டுவடத்தைக் கொடுக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது? 1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹாரிங்டன் என்ற மருத்துவர், இளம்பிள்ளைவாதம் தாக்கி முதுகு வளைந்த குழந்தைகளுக்காக உலோகக் கம்பி வைக்கும் முறையை உருவாக்கினார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடந்தார்கள். இப்போது எலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, இரு பக்கமும் கம்பி வைத்து, அந்தப் பகுதி எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து வளரும்படி செய்கிறார்கள். ஓரிரு நாளில் எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். பெற்றோரின் பெரிய பயம் கால் விளங்காமல் போய்விடுமோ என்பது. அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காகவே அறுவை நடக்கும்போது நரம்புகளின் சமிக்ஞையைக் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். கருவிகள் வருவதற்கு முன்பு, 1973-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு வழியை எழுதினார்கள்: பாதி அறுவையில் மயக்கத்தைக் குறைத்து, பிள்ளையிடம் கால் விரலை அசைக்கச் சொல்வது. தேவைப்பட்டால் இன்றும் அப்படிச் செய்வார்கள். பிள்ளைக்கு அது பிறகு நினைவிருப்பதில்லை, வலியும் தெரிவதில்லை. முன்பே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேண்டுகோள். பயப்படுகிற பிள்ளைக்கு உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலை அறுத்த சம்பவத்தைச் சொல்லி, அவர் அசையவே இல்லை, நீ ஏன் அழுகிறாய் என்று கேட்காதீர்கள். நாங்களும் மிம்பரில் அதை அடிக்கடி சொல்கிறோம். அது ஒரு பெரிய தாபிஈயின் ஸப்ரு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அளக்கிற அளவுகோல் அல்ல. மயக்க மருந்து அல்லாஹ் நம் காலத்துக்குத் தந்த ரஹ்மத். மகன் இப்ராஹீமை மடியில் வைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். அழட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருத்துவமனையில் இருக்கிற ஒரு வாரம் கடினம்தான், ஆனால் அங்கே நர்ஸ் இருப்பார், மருத்துவர் வருவார், உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். உண்மையான சோதனை காரிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கூட்டி வந்த அன்று தொடங்குகிறது. வருகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் அவளுக்கு எத்தனை பெரியது என்பது அன்றுதான் அத்தாவுக்குத் தெரியும்.

முதல் வாரங்களில் அவளால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல் திருப்ப வேண்டும். இரவில் மூன்று முறை, நான்கு முறை. தரையில் பாய் போட்டுப் படுக்கிற வீட்டில் கட்டில் வேண்டும். குத்துக்கால் வைத்து உட்கார முடியாது, நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறை வேண்டும். வலி மருந்து மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்காகவும் அழுவாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது. ஒன்றரை மாதம்போல ஆனால் பள்ளிக்கூடம், பை இல்லாமல். ஓட்டமும் விளையாட்டும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், மருத்துவர் சொன்ன பிறகு. நடுவில் ஒரு சிரிப்பும் வரும்: முதுகு நிமிர்ந்ததில் உயரம் சற்றுக் கூடியிருக்கும், பழைய புர்கா கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

இந்த மாதங்களில் நாம் என்ன செய்கிறோம்? நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று, எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் வாரம் வீடு நிறைகிறது. கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்காருகிறோம், கட்டில் அசைகிறது. தழும்பைக் காட்டு என்கிறோம். உள்ளே கம்பி துருப்பிடிக்காதா என்று கேட்கிறோம். யாரோ ஒருவருக்கு இதே ஆபரேஷன் கெட்டுப்போன கதையைச் சொல்கிறோம். வந்தவர்களுக்கு டீ போட்டே அந்தத் தாய் களைத்துப்போகிறாள். நான்காவது வாரத்தில் ஒருவரும் இல்லை.

அந்த நான்காவது வாரத்தில் போங்கள். பத்து நிமிடம் போதும். போகும்போது சோறாக்கி எடுத்துக்கொண்டு போங்கள், அன்று ஒரு வேளையாவது அந்த வீட்டு அடுப்புக்கு ஓய்வு கிடைக்கட்டும். இளைஞர்கள் அறுவைக்கு முன்பே இரத்தம் கொடுக்கலாம், கோவைக்குப் பரிசோதனைக்குப் போகிற அன்று கார் ஓட்டலாம். பக்கத்து வீட்டில் அதே வகுப்புப் பிள்ளை இருந்தால் தினமும் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். படிப்பு பின்தங்கிவிடுமோ என்பதுதான் அவளுடைய பெரிய கவலையாக இருக்கும், முதுகுகூட அல்ல.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பான், அவனை யாரும் கேட்பதில்லை. அம்மா கோவையில், அத்தா கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில். அவன் சித்தி வீட்டில் சாப்பிட்டு, சித்தி வீட்டில் தூங்கி, பரீட்சை எழுதி, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். மூஸா (அலை) அவர்களின் சகோதரியை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் போன பிள்ளையின் கதையில் கரையில் நடந்த பிள்ளைக்கும் அல்லாஹ் ஒரு வசனத்தில் இடம் கொடுத்திருக்கிறான். அந்தப் பையனுக்கும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுங்கள், அக்காவுக்குத் தண்ணீர் கொடுப்பது, மாத்திரை நேரத்தைச் சொல்வது. அவனுக்கென்று அரை மணி நேரமும் கொடுங்கள்.

தொழுகையைப் பற்றிக் கேட்பீர்கள். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) மூல நோயால் அவதிப்பட்டபோது, நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் இருக்கிறது. முதுகெலும்பின் ஒரு பகுதி நிலையாகச் சேர்க்கப்பட்ட பிள்ளை இடுப்பிலிருந்துதான் குனிய முடியும். தேறிய பிறகு பலர் ருகூவும் ஸுஜூதும் செய்கிறார்கள். அதுவரை, மருத்துவர் தடுத்திருக்கும்வரை, நாற்காலியில் சைகையாக, ஸுஜூதுக்கு ருகூவைவிடச் சற்றுத் தாழ்த்தித் தொழலாம். விவரங்களை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிற இளைஞனைப் பார்த்து, இந்த வயதில் என்ன நாற்காலி என்று கடிந்துகொள்கிற பெரியவர்களே, அவனுடைய சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1975-ல், கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இராமகிருஷ்ணன் என்ற இளைஞர், கடற்படை அதிகாரித் தேர்வில் நடந்த பயிற்சியின்போது விழுந்து, கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இராணுவ மருத்துவமனையில் பார்த்தார்கள். கால்கள் திரும்பவில்லை. தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் அவருடைய குடும்பம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, நாற்காலியில் உட்கார வைத்தது. 1981-ல் அந்த நாற்காலியில் இருந்தபடியே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் அந்த வீட்டின் பொறுமையிலிருந்து நாம் படிக்க நிறைய இருக்கிறது. கிடந்த மகனை அவர்கள் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தால், ஆய்க்குடி என்ற பெயர் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு வெளியே தெரிந்திருக்காது.

இன்று மக்ரிபுக்குப் பிறகு, பத்து வயதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள்.

யா அல்லாஹ்! மருத்துவமனைகளில் கிடக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. தியேட்டர் வாசலில் நிற்கும் தாய்மார்களின் உள்ளத்தை, மூஸாவின் தாயின் உள்ளத்தைப் பிணைத்ததுபோல் பிணைத்து வைப்பாயாக. அறுக்கின்ற கைகளுக்கு நிதானத்தைத் தருவாயாக. இரவில் எழுந்து பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிறவர்களின் ஒவ்வொரு விழிப்பையும் இபாதத்தாக ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.